மூன்றாவது சிலிண்டர்

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அது முதலில் குரலில்தான் தெரியவரும். "என்ன, தொண்டை கட்டியிருக்கிறதா?" என்று கேட்கிறோம் அல்லவா? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தெரியவந்தது. ஆனால் தொண்டை கட்டிக்கொண்டது எங்களில் எவருக்கும் அல்ல, எங்கள் லாரிக்கு!

லாரி என்றதும் பத்துச் சக்கரத்து ராக்ஷஸ வண்டியை யாரும் மனத்தில் கற்பித்துக்கொள்ள வேண்டாம். டாட்டா 407 என்று பெயர். 1986-ம் வருஷத்தில் முதன்முதலாக வெளிவந்த ஜாதி. எங்கள் வண்டி அதற்குப் பதினைந்து வருஷம் பிற்பட்டுப் பிறந்தது. நான் உபாத்தியாயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து, பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். நெகமத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. உரித்த தேங்காயை ஏற்றிக்கொண்டு காங்கயத்துக் கொப்பரைக் களங்களுக்குப் போய்வருவதும், மற்ற நாட்களில் அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கு ஓடுவதுமே அதன் உத்தியோகம். எங்கள் ஜீவனத்தில் பாதி அந்த நாலு சிலிண்டர்களின் தயவில் நடக்கிறது என்றால் அது மிகையாகாது.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை. 'தட தட தட தட' என்று நாலு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரையைப் போல ஒலிக்கவேண்டிய இஞ்சின், 'தட தட... தட, தட தட... தட' என்று நொண்ட ஆரம்பித்தது. பின்னால் வெள்ளைப் புகை. கொஞ்சம் மேடு கண்டால் பெருமூச்சு. லாரிக்காரர்கள் இந்த வியாதிக்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து இழுக்கவேண்டிய தேரில் ஒருவர் வடத்தைத் தொட்டுக்கொண்டு சும்மா நடந்து வந்தால் என்ன ஆகுமோ, அதுதான் மிஸ்ஸிங்.

வியாதி என்று வந்துவிட்டால் வைத்தியர்களுக்குப் பஞ்சமா? என் மனைவி, "போன அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் கட்டலீங்க, கண்ணுப் பட்டுப்போச்சு" என்றாள். பொள்ளாச்சிச் சாலையில் உள்ள ஒரு பட்டறைக்காரர் வண்டியைத் திறந்துகூடப் பாராமல், "இஞ்சினை இறக்கணுமுங்க. அறுபதாயிரம் ஆகும்" என்றார். என் மைத்துனன் மட்டும் ரகசியமாக என்னைத் தனியே அழைத்துப்போய், "டிரைவர் டீஸலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுகிறான், மாமா. நீங்கள் உலகம் தெரியாதவர்" என்று காதில் ஓதினான்.

மனித சுபாவத்தைப் பாருங்கள். திருஷ்டியை நான் நம்பவில்லை. அறுபதாயிரத்தை நம்ப என் பெட்டி இடங்கொடுக்கவில்லை. மூன்றாவது காரணத்தையோ உடனே நம்பிவிட்டேன்! அதற்குச் செலவு ஒன்றும் இல்லையே!

எங்கள் டிரைவர் ஒன்பது வருஷமாக எங்களிடம் இருப்பவன். ஒரு நாளாவது கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. அவனை வாசலில் நிற்கவைத்து, வாத்தியார் புத்தி போகாமல், குற்றம் செய்த மாணாக்கனைக் கேட்பது போலக் கேட்டேன். "ஏப்பா, டீஸலில் என்ன கலந்தாய்?" என்றேன்.

அவன் முகம் ஒரு கணம் வெளுத்துப்போயிற்று. "நானுங்களா?" என்றான். பிறகு, "ஐயா, அந்த டிரம்மு..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஒன்றும் பேசாதே! சமாதானம் எனக்கு வேண்டாம்" என்று அதட்டினேன்.

அவன் பேசவில்லை. வண்டிச் சாவியைத் திண்ணைமேல் வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சாவி திண்ணையில் வைக்கப்பட்ட சத்தம் அன்றிரவு முழுவதும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை ஐயாயிரம் தேங்காய் காங்கயம் போயாக வேண்டும். வண்டியோ நொண்டி; டிரைவரோ இல்லை. வேறு வழியின்றி, நானே இஞ்சின் மூடியைத் திறப்பது என்று தீர்மானித்தேன்.

இதில் பிரமாதமான தைரியம் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூர் ஜில்லாவில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். 1932-ல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு, எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் ஏற்றம் இறைத்த கையாலேயே மோட்டாரைக் கழற்றிப் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். ஜி. டி. நாயுடு என்ற பெயரை அறியாத வீடு கொங்கு நாட்டில் உண்டா? 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், பிள்ளைப் பிராயத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அப்படிப்பட்ட வண்டியை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதைப் பாகம் பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டியதுதான்! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸைத் தாமே ஓட்டத் தொடங்கினார். அதுவே பிற்பாடு யு. எம். எஸ். என்று பெரிதாக வளர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டு பஸ்கள் முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. கரி சரியாகப் புகையாவிட்டால் நடுவழியில் இறங்கிக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். அப்படிப்பட்ட முன்னோர்களின் பேரன், கையில் ஒரு ஸ்பானரைப் பிடிக்கவா கூசுவது?

எனக்கு உதவியாளாக வந்து சேர்ந்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. பன்னிரண்டு வயது. விடுமுறைக்கு வந்திருந்தாள். டார்ச் விளக்கு பிடிப்பதும், நான் சொல்வதை நோட்டுப் புஸ்தகத்தில் எழுதுவதும் அவள் பொறுப்பு.

"அப்புச்சி, இஞ்சின் எப்படி ஓடுது?" என்று கேட்டாள்.

"மூச்சை இழுக்கிறது, அமுக்குகிறது, எரிக்கிறது, வெளியே விடுகிறது. இவ்வளவுதான்" என்றேன்.

பெட்ரோல் இஞ்சினாக இருந்தால் எரிக்கும் காரியத்துக்கு மின்பொறி வேண்டும். டீஸல் இஞ்சினுக்குப் பொறி கிடையாது. இழுத்த காற்றைப் பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கினால், அந்த நெருக்கத்திலேயே காற்று 500 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் சூடேறிவிடும். அந்தச் சமயம் பார்த்து நாஸில் என்னும் சிறு குழல் டீஸலைப் பனி போலத் தூவும். தூவியதும் தானே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியில் ருடால்ப் டீஸல் என்பவர் 1897-ல் இந்த முறையில் இஞ்சினை ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே எண்ணெய்க்கும் வந்துவிட்டது. ஆகவே டீஸல் இஞ்சினில் ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. எண்ணெய் சரியாக வரவில்லை. அல்லது காற்றுச் சரியாக அமுங்கவில்லை. முதலாவது சில்லறைச் செலவு. இரண்டாவதுதான் பட்டறைக்காரரின் அறுபதாயிரம்.

முதலில் எந்தச் சிலிண்டர் என்று தெரியவேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, காப்பி கொண்டுவந்த என் மனைவி, "புகை போற குழாயிலே எது சுடலையோ அதுதானுங்களே? தோசைக்கல்லுக்குத் தண்ணி தெளிச்சுப் பார்க்கிற மாதிரி பாருங்க" என்றாள். பொறியியல் புஸ்தகங்களில் இந்த உபாயத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது!

வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். இரவெல்லாம் ஆறிக் கிடந்த இஞ்சினைக் கிளப்பி, ஒரு நிமிஷம் கழித்துப் புகை வெளியேறும் நாலு கிளைக் குழாய்களிலும் சில துளித் தண்ணீர் தெளித்தேன். ஒன்றாவது, 'சுர்'. இரண்டாவது, 'சுர்'. நாலாவதும் 'சுர்'. மூன்றாவதில் மட்டும் துளி அப்படியே உருண்டு கீழே வழிந்தது. "மூணாவது தோசை வேகலை" என்று பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டாவது சோதனைக்குப் போனேன். பம்பிலிருந்து நாஸிலுக்குப் போகும் குழாய்கள் நாலு. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நட்டு உண்டு. இஞ்சின் ஓடும்போதே, துணியால் மூடிக்கொண்டு, ஒரு நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்கு எண்ணெய் போகாது. நன்றாக வேலை செய்யும் சிலிண்டரானால் இஞ்சின் உடனே தடுமாறும். ஏற்கனவே தூங்குகிற சிலிண்டரானால் ஒரு மாறுதலும் தெரியாது. ஒன்றாவதைத் தளர்த்தினேன், இஞ்சின் குலுங்கிற்று. இறுக்கிவிட்டு இரண்டாவது, குலுங்கிற்று. நாலாவது, நின்றேவிடும் போல் இருந்தது. மூன்றாவது நட்டைத் தளர்த்தினேன். ஊஹும்! ஒரு மாறுதலும் இல்லை. ஆனால் அங்கேயும் எண்ணெய் துடிப்புத் துடிப்பாகத் துணியை நனைத்தது. ஆகவே பம்பின் மேல் குற்றம் இல்லை.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. அந்தப் பீச்சலில் விரலைக் காட்டக் கூடாது. தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். மேலும் இந்த வித்தை பழைய மாதிரி பம்பு வைத்த வண்டிகளுக்குத்தான். இப்போது வரும் லாரிகளில் எண்ணெயின் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் நட்டைத் தொடுவது ஆபத்து. எந்தச் சிலிண்டர் தூங்குகிறது என்று பட்டறையில் சிறு கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

பாக்கி நின்ற கேள்வி ஒன்றுதான். குற்றம் மூன்றாவது நாஸிலிலா, மூன்றாவது சிலிண்டரிலா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாவது நாஸிலையும் மூன்றாவது நாஸிலையும் கழற்றினேன். அடியில் இருந்த செப்பு வளையங்களை மாற்றிப் புதிதாகப் போட்டேன். ஒன்றாவதை மூன்றாவதன் இடத்திலும் மூன்றாவதை ஒன்றாவதன் இடத்திலும் பூட்டினேன். அவசரத்தில் இரண்டாவதையும் கழற்றப் போன என் கையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும், அப்புச்சி. எங்க ஸயன்ஸ் மிஸ் சொல்லியிருக்காங்க" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் வாயை மூடிக்கொண்டேன்.

குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டு இஞ்சினைக் கிளப்பினோம். நொண்டல் அப்படியே இருந்தது. மறுபடி நட்டுச் சோதனை. இப்போது மூன்றாவது சிலிண்டர் ஜோராக வேலை செய்தது, ஒன்றாவது தூங்கிற்று! வியாதி நாஸிலோடு கூடவே குடிபெயர்ந்துவிட்டது. அப்படியானால் சிலிண்டரும் பிஸ்டனும் நிரபராதிகள். இஞ்சினை இறக்க வேண்டாம். அறுபதாயிரம் மிச்சம். நான் கையெண்ணெயோடு முற்றத்தில் ஒரு கூத்தாடியதாக என் மனைவி இன்றும் சொல்லிவருகிறாள்.

அந்தக் கூத்தை நிறுத்தியவளும் என் பேத்திதான். "நாஸில் எதனாலே கெட்டுச்சு?" என்று கேட்டாள்.

டீஸல் பில்டரின் அடியில் ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திறந்து, வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். கால் மணி நேரம் திண்ணையில் அசையாமல் வைத்தோம். மேலே டீஸல் நின்றது. கீழே இரண்டு விரற்கடை தண்ணீர். அதற்கும் கீழே செம்மண் போல் துருவின் வண்டல். நாஸிலுக்குள் ஓர் ஊசி ஏறி இறங்குகிறது. அதற்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதற்குள் தண்ணீர் புகுந்து துருப் பிடித்தால் ஊசி சிக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

"பார்த்தாயா! கலப்படம் நடந்திருக்கிறது. நான் சொன்னது சரிதான்" என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"மண்ணெண்ணெய்னு சொன்னீங்க. இது தண்ணி ஆச்சே? தண்ணி யார் ஊத்துனது? பங்கிலேயா?" என்றாள் பேத்தி.

பங்கு ரசீதுகளை ஆணியில் குத்தி வைப்பது என் பழக்கம். எடுத்துப் பார்த்தேன். கடந்த மூன்று வாரங்களில் ஒரு ரசீதுகூட இல்லை. மூன்று வாரமாக வண்டி எதைக் குடித்து ஓடிற்று? அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோப்பில் இருக்கும் பழைய ஆயில் இஞ்சினுக்காக வாங்கி வைத்த டீஸல், ஒரு டிரம்மில் மீதி இருந்தது. 'வீணாகப் போகிறதே' என்று அதை வாளி வாளியாக லாரிக்கு ஊற்றச் சொன்னவன் யார்? நான்! ஊற்றும்போது பக்கத்தில் நின்று சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவன் யார்? அதுவும் நான்!

ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரம்மு கொட்டகை இறவாணத்துக்கு அடியில் நிமிர்ந்து நின்றது. ஐப்பசி மழை அதன் தலையில் குளம் கட்டியிருந்தது. மூடியின் திருகு பாதிதான் ஏறியிருந்தது. ஒரு ரப்பர்க் குழாயை அடிவரை விட்டு உறிஞ்சி எடுத்தேன். வந்தது டீஸல் அல்ல, மழைத் தண்ணீர்.

"ஐயா, அந்த டிரம்மு..." என்று அவன் சொல்ல வந்தது இதுதான்.

மூன்றாவது சிலிண்டரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் நான் எத்தனை சோதனை செய்தேன்! தண்ணீர் தெளித்தேன், நட்டைத் தளர்த்தினேன், நாஸிலை இடம் மாற்றினேன். ஓர் இரும்புத் துண்டுக்கு இவ்வளவு நியாயம் வழங்கிய நான், ஒன்பது வருஷம் என் வீட்டு உப்பைத் தின்று உழைத்தவனுக்கு ஒரு வாக்கியம் முழுசாகப் பேச அவகாசம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நாலு நாஸில்களையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கே டீஸல் பம்பு ரிப்பேர் செய்யும் கடையில் ஒரு கைப்பம்பு யந்திரம் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தி நாஸிலைச் சோதிப்பார்கள். மூன்று நாஸில்கள் 'கிர்' என்ற ஒலியோடு மூடுபனி போலத் தூவின. நாலாவதாகக் கொடுத்தது நம்முடைய ஆசாமி. மூக்கு ஒழுகும் குழந்தையைப் போலச் சொட்டுச் சொட்டாக வடித்தது. அந்த ஒன்றுக்குப் புது முனை போட்டு, மற்ற மூன்றையும் சுத்தம் செய்து வாங்கிவந்தேன். டாங்கியைக் கழுவி, பில்டரை மாற்றி, நல்ல டீஸல் ஊற்றினேன். எல்லாம் சேர்த்து ஆன செலவு பட்டறைக்காரர் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இஞ்சின் பழைய குரலில் பாட ஆரம்பித்தது.

செலவில் சேராத கடன் ஒன்று பாக்கி இருந்தது. சாயங்காலம் லாரியை நானே மெதுவாக ஓட்டிக்கொண்டு டிரைவரின் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பாராமலே, "மிஸ்ஸிங் நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டான்.

"நின்றுவிட்டது. மூன்றாவது நாஸில்."

"தண்ணிதானுங்களே?"

"தண்ணீர்தான். டிரம்மில் இருந்தது. ஊற்றச் சொன்னவன் நான். தப்பு என்னுடையது, அப்பா. உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். சாவியை நீட்டினேன்.

அவன் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். "தண்ணி வந்தா வடிச்சுப்போடலாமுங்க. நீங்க என்னை அப்பிடி நினைச்சுட்டீங்களேன்னுதான் ரெண்டு நாளாச் சோறு எறங்கலீங்க" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

கடைசியில் அவன் சம்சாரம்தான் உள்ளிருந்து வந்து, "ஐயா நின்னுக்கிட்டே இருக்காங்க பாருங்க" என்று சொல்லி மோர் கொடுத்தாள். அவன் சாவியை வாங்கிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், ஒரு நாள் தாமதமாக, ஐயாயிரம் தேங்காயும் காங்கயம் போய்ச் சேர்ந்தன.

அந்த டிரம்மு இப்போது மாட்டுத் தொழுவத்தில் தண்ணீர்த் தொட்டியாக இருக்கிறது. அதற்கு ஏற்ற உத்தியோகம்தான். பேத்தி ஊருக்குப் போகும்போது நோட்டுப் புஸ்தகத்தை என்னிடமே விட்டுப்போனாள். சோதனைகளை வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருந்தாள். வண்டி எப்போதாவது மறுபடி நொண்டினால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவள் முதல் நம்பரில் எழுதியிருப்பது தண்ணீர் தெளிப்பதும் அல்ல. நட்டைத் தளர்த்துவதும் அல்ல. 'டிரைவர் மாமா என்ன சொல்றாருன்னு முதல்லே கேக்கணும்' என்று எழுதியிருக்கிறாள்.